விடு என்றால்

ஆக்சிஜன் குழாயை வளையமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகிக்கொண்டிருந்தாள் பெரியவள். சிலிண்டரை வாடகைக்குக் கொடுத்த கடையின் ஆள் வாசலில் காத்திருந்தான். அப்பாவைக் கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்ததால் அவரைச் சுற்றித்தான் சிலிண்டரை உருட்டிவர வேண்டியிருந்தது. அவன் குனிந்து அதன் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தான்.

"பாதிக்கு மேல இருக்கே," என்றான். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். ஆனாலும் அவள் காதில் விழுந்துவிட்டது.

காலையில் நடந்ததை, வருகிறவர்களுக்கெல்லாம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அம்மாவின் தம்பி. நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நின்று பேசுகிறவர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நுரையீரல் இரண்டும் போய்விட்டதென்று ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மாஸ்க் இருக்கும்வரை கொஞ்ச நாள் ஓடும், எடுத்தால் ஓடாது, உங்கள் விருப்பம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இன்று காலை, தலையணையிலிருந்து சரிந்து கிடந்தவரைத் தூக்கி உட்காரவைக்கப் பெரியவள் அவருடைய அக்குளில் கை கொடுத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார். "விடு," என்றார். சரியாகக் கேட்கவில்லை என்று அவள் குனிந்தாள். "விடு," என்றார் மறுபடியும். அதற்குப் பிறகு பேச்சில்லை.

போதும் என்கிறார், அவரை விட்டுவிடலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் இப்போது யாருக்கும் தெளிவில்லை. அம்மாவைக் கேட்டார்கள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்க்கைக் கழற்றியது பெரியவள்தான்.

"கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டார். கொடுத்து வச்சவர்," என்று மாமா முடிப்பார். கேட்டவர்கள் அவள் பக்கம் திரும்பித் தலையை அசைப்பார்கள்.

மாமா சொல்லாமல் தாண்டிப்போனது கழற்றியதற்கும் மூச்சு நின்றதற்கும் நடுவில் இருந்த நேரத்தை. கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஒரு மூச்சு வரும். அடுத்தது வராது. எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்வார்கள். வந்துவிடும். இன்னும் இருக்கு என்று யாராவது முணுமுணுப்பார்கள். மாமாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் படித்த காலம். அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி, அப்பாவைக் கூட்டிவரப் போயிருந்தாள். பழைய இரும்புக் கோடவுனுக்குப் பின்னால், நாய்ச்சண்டை நடக்கிற இடுப்பளவு பலகை அடைப்பு. உள்ளே இரண்டு நாய்கள் ஒன்றின் கழுத்தை ஒன்று கவ்விக் கிடந்தன. குரைக்கவே இல்லை, அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நாய்களை ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். அச்சாபீசில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, சோற்றில் உப்பில்லை என்றுகூட வாயைத் திறந்து சொல்லாத அப்பா, கதை கேட்கிற குழந்தைபோல் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தார். அதில் என்னப்பா இருக்கிறது என்று திரும்பும் வழியில் கேட்டாள். சும்மாதான் என்றார்.

இன்று காலை அவளும்தான் சாய்ந்தாள். அடுத்த மூச்சு வர வேண்டும் என்று நினைத்தாளா, வரக் கூடாது என்று நினைத்தாளா என்பது இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை எடுக்க முடியவில்லை என்பது மட்டும் தெரியும்.

மதியம் கறிக்கடைக்காரர் வந்தார். அப்பா சண்டைக்கு வளர்த்த நாய்களுக்கு எலும்பும் சவ்வும் கொடுத்தவர்; பல வருடம் பலகை அடைப்பில் எதிர்மூலையில் தன் நாயோடு நின்றவர். அப்பாவின் காலடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். அந்தச் சொல் வந்ததும் கறிக்கடைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது.

"விடுன்னா சொன்னார்? சொல்வாரு. எங்கண்ணன் வேற என்ன சொல்வாரு."

பெரியவள் நிமிர்ந்தாள். "ஏன் சித்தப்பா?"

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். அடைப்புக்குள் இரண்டே சொல்தான். நாய் விழுந்துவிட்டால் சொந்தக்காரன் 'எடு' என்று சொல்லித் தூக்கிக்கொள்ளலாம். அது தோல்வி, நாய் பிழைக்கும். யாராவது தூக்கப் போகும்போது 'விடு' என்று சொன்னால், தொடாதே, அதுவாக எழுந்திருக்கும் என்று அர்த்தம்.

"ரத்தம் பாக்கவா அத்தனை பேர் வர்றான்? ரத்தம் என் கடைல தினம் இருக்கு, ஒருத்தன் நின்னு பாக்கறானா? விழுந்தது எந்திரிக்குமா எந்திரிக்காதான்னு ஒரு நிமிஷம் இருக்கு பாரு பாப்பா. அதுக்குத்தான். அப்ப வீடு வாசல் ஒண்ணும் ஞாபகம் வராது. உங்கப்பா ஒரு தடவைகூட எடுன்னு சொன்னதில்ல. அவரோட செவலை நாய் கால் ஊன முடியாமக் கெடக்குது, எடுங்கண்ணேன்னு நாங்க கத்தறோம். விடுன்னாரு. எந்திரிச்சு ஜெயிச்சிருச்சு. வீட்டுக்குப் போற வழியில செத்துப்போச்சு, அது வேற விஷயம்."

மெல்லச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னைத் தூக்காதே, இன்னும் ஆட்டம் இருக்குன்னு சொல்லியிருக்காரு மனுஷன். அப்புறம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிச்சாரு?"

மாமாதான் பதில் சொன்னார். அப்பா ஆசைப்பட்டபடியே பெரியவள் தன் கையால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டாள் என்றார்.

கறிக்கடைக்காரர் அவளுடைய கைகளைப் பார்த்தார். துடைத்த முகத்தையே இன்னொரு தடவை துடைத்தார்.

"வீட்ல சொல்றது வேற பாப்பா. வீட்ல விடுன்னா விடுதான்."

"நீங்க எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்களா சித்தப்பா?"

"இல்லம்மா. இன்னைக்குத்தான்."

வீட்டில் அப்பா அந்தச் சொல்லை எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தாள். வீட்டில் அவர் சொன்னவற்றில் அதிகம் ஞாபகத்தில் இல்லை.

வண்டி வந்துவிட்டது. நான்கு பேர் குனிந்து அப்பாவுக்கு அடியில் கை கொடுத்தார்கள். எந்தச் சாவு வீட்டிலும் கேட்பதைத்தான் மாமாவும் கேட்டார்.

"என்னம்மா, எடுக்கலாமா?"

மூத்த பிள்ளை என்பதால் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கறிக்கடைக்காரர் மட்டும் தரையைப் பார்த்தார். குனிந்தவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். அவள் திறந்திருந்த வாசல் வழியாக வெளியே பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் தலை வாரிக்கொண்டிருந்த ஒருத்தி, சீப்பு முடியிலேயே நிற்க, கம்பியில் நன்றாகச் சாய்ந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். திரும்பாமலே, ஒரு கையைப் பின்னால் காட்டி, இரு என்றாள்.