பிளே பொத்தானுக்குக் கீழே

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு திட்டுக் குவியலுக்கு நடுவே கிடைத்தது. வீட்டில் எடுத்த வீடியோக்களை டிஸ்க்காகப் போட்டுக்கொள்ள ஒரு காலத்தில் ஒரு மென்பொருள் இருந்தது. இனி அதை விற்பதில்லை, புதுக் கணினியில் பதிவுசெய்து திறக்கவும் முடியாது என்று அறிவித்துவிட்டு, அதைச் செய்த நிறுவனம் நன்றி சொல்லி ஒதுங்கிக்கொண்டது. அறிவிப்புக்குக் கீழே ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கேள்வி கேட்டிருந்தாள்: "எங்க அம்மா அதுக்குள்ள இருக்காங்க. எப்படித் தொறக்கறது?" யாரோ ஒரு புண்ணியவான் அவளை வேறு மென்பொருள் வாங்கச் சொல்லியிருந்தார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: "அம்மா செத்து ஒரு வருடம் ஆனபிறகு அப்பா அந்தப் பழைய—" (வேண்டாம். எடுத்தவுடனே சாவு என்றால் நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வீர்கள்.)

இன்னொன்று: "அப்பாவிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் அன்று—" (இதுவும் சரிவரவில்லை. என்ன பொய் என்று இப்போதே சொல்லவேண்டிவரும்.)

சரி, சுற்றி வளைக்கவில்லை. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கே பொடி எழுத்தைப் படிக்கவைத்துப் பிழைத்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவும் கையுமாக அம்மாவின் பின்னாலேயே அலைவார். எடுத்ததையெல்லாம் அந்த மென்பொருளில் கோத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைப்பு வைத்து, தொடக்கத்தில் வரும் மெனுவை மட்டும் வருடக்கணக்கில் செதுக்கிக்கொண்டிருந்தார். பூ வைப்பார், எடுப்பார். எழுத்தைப் பெரிதாக்குவார், சிறிதாக்குவார்.

"படத்த விட்டுட்டு வாசக்கதவுக்கே பெயின்ட் அடிச்சிட்டு இருக்கீங்க. டிஸ்க்க எப்பப் போடுவீங்க?" என்பாள் அம்மா.

"இரு, அந்த பிளே பட்டன் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு."

பட்டன் நிமிர்வதற்குள் அம்மா போய்விட்டாள். டிஸ்க் போடவே இல்லை.

3

மகளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. வீட்டுக் கணினி கெட்டுப்போவதற்கு முன் அப்பா ஒரு பென் டிரைவில் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்த கோப்பை அவள் பார்த்தாள். தினமும் அவள் எடுக்கிற முழங்கால் ஸ்கேன் படம் ஒன்று கணினியில் பிடிக்கும் இடத்தைக்கூட அது பிடிக்கவில்லை. அம்மா மொத்தமும் ஒரு முழங்காலைவிடச் சின்னதாக இருக்க முடியுமா? அப்போதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

(இங்கே ஒரு விளக்கம், கதைக்கு வெளியே. அந்த மாதிரிக் கோப்பில் வீடியோ இருக்காது. எந்த வீடியோ எங்கே இருக்கிறது, எதற்குப் பின் எது, என்ன தலைப்பு என்பது மட்டும்தான் இருக்கும். வீட்டு முகவரி மாதிரி. முகவரிக்குள் யாரும் குடியிருக்க முடியாது.)

அப்பாவுக்கு இது தெரியாது. கணினியில் இடம் போதாதபோது, "அதான் உள்ள போட்டாச்சே" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே கேமரா வீடியோக்களையெல்லாம் அவரே அழித்திருந்தார். நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று அது பொடி எழுத்தில் கேட்டது. பொடி எழுத்துக்காரர் படிக்காமலே ஆமாம் என்றார்.

4

மகளை நான் நம்பவில்லை. உண்மை தெரிந்தும் அவள் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்? அவ்வளவு நல்லவளாக ஒருத்தியை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அப்பா கேட்டார்: "அவன் கடைய மூடினா, நம்ம வீட்டு ஆளயும் சேத்து வச்சுப் பூட்டிட்டுப் போயிடுவானா?"

"கம்பெனிக்காரன் மூடிட்டான்பா. நாம என்ன பண்றது."

அவள் சொன்ன பொய் இவ்வளவுதான். சொன்னதில் பொய்யே இல்லை, அதுதான் கொடுமை. அப்பா தினமும் குளித்து முடித்து அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். அந்தக் கோபத்தில்தான் சாப்பிட்டார், நடந்தார், சவரம் செய்துகொண்டார். அவளோ பாத்திரம் கழுவும்போது குழாய்ச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: "நீங்கதான்பா அழிச்சீங்க. நீங்கதான்." அவளுக்கு அப்பாமேல் அடங்காத ஆத்திரம். அம்மாவின் குரல் அவளுக்கும்தான் மறந்துகொண்டு வந்தது.

இப்போது நம்புகிறேன்.

5

மூடிய கடை மூடியே கிடந்திருந்தால் நானும் இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அப்பா கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைகளாக ஏறி இறங்கி, அந்த மென்பொருள் முன்பே பதிவாகியிருந்த ஒரு பழைய கணினியைக் கண்டுபிடித்துவிட்டார். மத்தியானம் அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பென் டிரைவைச் செருகி, மகளைக் கூப்பிட்டார். அவரே கோப்பைத் திறந்தார்.

மெனு வந்தது. பட்டன் நிமிர்ந்தே இருந்தது. மெனுவின் பின்னணிக்காக அவர் வெட்டிவைத்த துண்டு ஒன்றை மட்டும் அந்தக் கோப்பு எப்படியோ தனக்குள் வைத்திருந்தது. அம்மா கொடியில் துணி உலர்த்துகிறாள். திரும்புகிறாள். கேமராவைப் பார்த்துச் சிரித்து எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். துண்டு முடிந்து, மறுபடி துணி உலர்த்துகிறாள். சத்தம் இல்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். மௌஸைப் பிடித்தார்; அம்புக்குறி பட்டனைத் தாண்டித் தாண்டிப் போனது.

"வந்துட்டா பாத்தியா. குரல் உள்ள இருக்கும். எனக்கு மௌஸ் பிடிக்க வரல, நீ பிளே அமுக்கும்மா."

6

முடிவு ஒன்று: ரிப்பேர்க் கடைக்காரர் பழைய டிஸ்க் ஒன்றோடு ஓடிவருகிறார். (எழுதிப் பார்த்தேன். டிஸ்க்தான் போடவே இல்லையே.)

முடிவு இரண்டு: கரண்ட் போய்விடுகிறது. (கரண்ட் திரும்ப வரும்.)

முடிவு மூன்று: அப்பாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரி— (தெரியாது. தெரிந்தவர் முகம் அப்படி இருக்காது.)

என்னால் முடியவில்லை. பிளேவை அமுக்கினால் ஒவ்வொரு தலைப்பாக வரும், ஒவ்வொன்றிலும் "கோப்பு இல்லை" என்று வரும். யார் அழித்தது என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகாது. அதன்பிறகு திட்ட அவருக்கு ஆள் கிடையாது. சரி, அமுக்காமலே விடலாம் என்றால், மகள் அந்த மேசையில் விரலை வைத்தபடி காலத்துக்கும் உட்கார்ந்திருக்கவேண்டும். அவளை நான்தான் அங்கே உட்காரவைத்தேன்.

நான் எழுந்துகொள்கிறேன். இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மௌஸ் இதோ. அம்மா மறுபடியும் திரும்புகிறாள், வாயெடுக்கிறாள்.

"என்ன யோசிக்கிற, அமுக்கு" என்கிறார் அப்பா.