வயிறு கழுவிய நாள்

ஆபரேஷனுக்கு முதல் நாள் வயிற்றில் ஒரு பருக்கை இருக்கக் கூடாது என்று சேலத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் கண்ணுசாமிக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்று. அதை எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குடல் இருப்பதால் அதுவும் சுத்தமாக இருக்க வேண்டுமாம். முந்தின நாட்களில் கீரை, கம்பு, விதையுள்ள காய் எதுவும் ஆகாது. கடைசி நாள் இளநீரும் தண்ணீரும்தான். மதியத்துக்கு மேல் ஒரு பொடியைக் கரைத்துக் குடித்து வயிற்றைக் கழுவிவிட வேண்டும்.

இதை ஒருமுறை கெடுத்தாகிவிட்டது. போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் மனுஷன் எனக்குத் தெரியாமல் ஒரு சொம்பு கம்பங்கூழைக் கரைத்துக் குடித்துவிட்டார். "தண்ணியாட்டம் குடிக்கறதுதானுங்களே" என்று டாக்டரிடமே நியாயம் பேசினார். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கூழ் சோற்றுக் கணக்கில் வராது, அது தாகத்துக்கு. மயக்க ஊசிக்கு அந்த நியாயமெல்லாம் தெரியுமா? திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும். அதற்குள் பரவிவிட்டால் யாரிடம் போய் நியாயம் பேசுவது?

அதனால் இந்தத் தடவை அடுப்பே பற்றவைக்கவில்லை. காவல்காரியைப் போல அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவரும் முகத்தைச் சுளித்துச் சுளித்து அந்தப் பொடித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். "இதுக்கு மாட்டு மருந்தே தேவலை" என்றார். அப்போதுதான் சாலம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

அவள் அவருடைய ஒரே தங்கை, என்னை நங்கை என்று கூப்பிடுகிறவள். நாமகிரிப்பேட்டையில் கட்டிக்கொடுத்தது. என் மாமியார் செத்த அன்று, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாம எங்கம்மாளைக் கொன்னு போட்டாங்க" என்று சனத்துக்கு நடுவில் சொன்னவள். இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அன்றைக்குப் போனவள்தான். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவரும் அவள் பேரை எடுக்க மாட்டார். ஆனால் நாமகிரிப்பேட்டை பஸ் போனால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருதரம் பார்ப்பார்.

"கொடலெறக்கத்துக்கு ஆப்ரேசன்னு சொன்னாங்க. ஏனுங்ணா, எனக்கொரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?" என்றாள். ஊருக்கெல்லாம் அவர் குடலிறக்கம் என்றுதான் சொல்லிவைத்திருந்தார். எந்த இடத்தில் புற்று என்று சொல்ல வெட்கம்.

அவள் கேட்காமலே உள்ளே வந்து, தட்டை எடுத்து, கையோடு கொண்டுவந்த தூக்குப் போசியைத் திறந்தாள். சோறும் சேவல் குழம்பும். வாசம் வீடு முழுக்க அடித்தது.

"ஒரு வாய் சாப்புடுங்ணா. நீங்க தின்னீங்கன்னா நானும் இந்த ஊட்ல கை நனைக்கறேன்."

சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினாள். இந்த மனுஷனுக்கு டாக்டரும் மறந்துபோனார், தேதியும் மறந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர் வழிய, சின்னப் பையன் மாதிரி வாயைத் திறந்தார்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். சோறு தரையில் விழுந்தது.

"உடமாட்டேன் அம்மிணி."

"இன்னும் நாங்க ஆகாதவங்கதானுங்களா நங்கை?" என்று கையை உதறிக்கொண்டாள்.

அதற்கு மேல் எதற்கு வெட்கம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புற்று என்றேன். எந்த இடத்தில் என்றேன். இன்றைக்கு வயிறு கழுவுகிற நாள், இன்றைக்குத் தின்றால் நாளைக்கு மறுபடியும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவர் என்னை எரித்துவிடுவது போல முறைத்தார். பாவம், முழுசாக முறைக்கக் கூட முடியவில்லை. வயிறு பிடித்து இழுக்க, கொல்லைப்புறத்துக் கக்கூசுக்கு ஓடினார்.

சாலம்மாள் பின்னாலேயே போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"கதவத் தொறக்க வேண்டாமுங்ணா. அங்கிருந்தே கேளுங்க. அன்னைக்கு நான் பேசுனது தப்பு."

உள்ளே குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடிற்று. அழுகிறது எங்களுக்குக் கேட்கக் கூடாதாம்.

"அம்மாதான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுது சாமி. நான் கால்ல உழுந்து கூப்புட்டேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"செரிங்ணா."

"கொழம்பத் திருப்பி எடுத்துட்டுப் போயிராத. பிரிட்ஜுல வெக்கச் சொல்லு. வந்து ரண்டு பேரும் ஒண்ணா உக்காந்து திங்கலாம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எவ்வளவு சொல்லியும் அன்றைக்கு அவள் கை நனைக்கவில்லை. அண்ணன் வந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. குடல் சுத்தமாக இருந்தது என்று டாக்டரே மெச்சினார். அதை அவரிடம் சொன்னபோது, "பின்னே, காவலுக்கு ஆரு இருந்தா" என்று என்னைப் பார்த்தார். வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன அன்று காலையில், காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. நர்ஸ் ஓடி வருவதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து கறிச்சோறு படைத்த அன்று, பிரிட்ஜின் ஐஸ் தட்டில் உறைந்து கிடந்த அந்தக் குழம்பை எடுத்துச் சுட வைத்தேன். பழசைப் படைக்கக் கூடாது என்று நாலு பேர் சொன்னார்கள். அவர் கேட்டது இதைத்தான், உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

படத்துக்கு முன்னால் இலை போட்டோம். சாலம்மாள் சோற்றைப் பிசைந்து உருட்டி எடுத்தாள். வைக்கப் போனவள் நடுவிலேயே கையை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வெய்யி அம்மிணி" என்றேன்.

வைத்தாள். பிறகு அந்த இலையிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தின்றாள். அன்றைக்கு ஏன் தடுத்தீர்கள் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். நான் செய்தது சரி, இன்றைக்கும் அதையேதான் செய்வேன். அவள் எதுவும் கேட்காமல் எனக்கு ஒரு வாய் உருட்டி நீட்டினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.