பெட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

"இந்தப் பெட்டிக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாதா?"

கேட்டவள் பபிரியே, இரட்டைப் பெண்களில் மூத்தவள், ஏழு வயது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, மாலை ஏழு மணி. அவர்கள் வீட்டுப் பின்னறையில் நின்ற அடைகாக்கும் பெட்டிக்கு நபுகீரா அப்போதுதான் புதிய சூரியசக்தி பேட்டரியை இணைத்து முடித்திருந்தாள். இனி ஊரில் மின்சாரம் போனாலும் பெட்டி நிற்காது. கோழி தன் முட்டைகளைப் புரட்டுவதுபோல, உள்ளேயிருக்கும் தட்டுகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே சாயும்.

"இனிமே கிடையாது, செல்லம். லீவே போடாம வேலை செய்யும்," என்றாள் நபுகீரா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கடவுளே ஏழாம் நாள் ஓய்வு எடுத்தாரே?"

"அவரு வேலைய முடிச்சுட்டு எடுத்தாரு. போ, போ, உங்கம்மா கூப்பிடறாங்க."

யாரும் கூப்பிடவில்லை. குழந்தை போய்விட்டாள்.

அந்தப் பெட்டியின் சில்லுக்கு மின்சுற்று வரைந்தவளும் நபுகீராதான், நிரல் எழுதியவளும் அவள்தான். தலைநகர் கம்பாலாவின் கட்வே பேட்டையில், தகரம் தட்டும் சத்தத்துக்கு நடுவே அவளுடைய பட்டறை. 'கட்வே சரக்கு' என்றால் போலி என்று நாடு முழுக்க ஒரு பேச்சு உண்டு. அதையும் மீறி, ம்பிகி சாலையோரத்து ஊரில் இருபத்திரண்டு பெண்கள் சங்கமாகச் சேர்ந்து அவளிடம் பெட்டி வாங்கியிருந்தார்கள். காரணம் பபிரியேயின் அம்மா. இரட்டையரைப் பெற்றவள் என்பதால் ஊர் அவளை நாலோங்கோ என்ற பட்டத்தால்தான் அழைக்கும். "என் வீட்டுலயே வெச்சுக்கறேன், நான் பொறுப்பு," என்று சொன்னவள் அவள். பேட்டரி மாட்டிய பிறகு இரண்டு முறை குஞ்சுகள் நன்றாகப் பொரித்தன. மூன்றாம் முறைக்கு முட்டை வைத்து ஏழு நாள் ஆனபோது, ஈஸ்டருக்குப் பின் ஏழாம் ஞாயிறான பெந்தெகொஸ்தே வந்தது.

பெந்தெகொஸ்தே முடிந்த செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"தங்கச்சி, பெட்டி ஆடுச்சு," என்றாள் நாலோங்கோ.

"ஆடுச்சா? என்னக்கா சொல்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை கோயில்லேருந்து வந்து பாக்கறோம், தட்டு இப்படியும் அப்படியும் நிக்காம சாயுது. அணைச்சா சூடு போயிடுமேன்னு பயம். ரெண்டு கையாலயும் தட்டத் தாங்கிக்கிட்டே நின்னேன். மதியம் பன்னெண்டுக்குத் தானா நின்னுடுச்சு."

நபுகீரா அன்றே பைக் பிடித்துப் போனாள். பெட்டி பரம சாதுவாக இருந்தது. மோட்டார் கம்பியில் எழும் மின் இரைச்சல் சில்லைக் குழப்பியிருக்குமோ என்று ஒரு மின்தேக்கி பற்றவைத்தாள். தட்டு முழுக்கச் சாய்ந்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் தேய்ந்திருக்குமோ என்று பெட்டியை அணைத்து அதையும் மாற்றினாள். பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. தன் முன்னால் நடக்காத பிழையை எங்கே போய்த் தேடுவது? பிழை கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றுவது வைத்தியம் ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

சங்கத் தலைவி நமுலி வந்தாள். பெரியவள் என்பதால் நபுகீரா முழங்காலிட்டு வணங்கினாள்.

"எழுந்திரும்மா இஞ்சினியரம்மா. பெந்தெகொஸ்தே அன்னிக்குப் பரிசுத்த ஆவி எங்க தலைல எல்லாம் இறங்கல, உன் பெட்டில இறங்கிடுச்சு," என்றாள் நமுலி. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "பதினோரு முட்டை போச்சு. வர்ற சனிக்கிழமை கூட்டம். சரியாச் சொல்லு, என்ன கோளாறு? சொல்ல முடியலன்னா திருப்பி எடுத்துட்டுப் போ. கடல் தாண்டி வந்த பெட்டியே வாங்கிக்கறோம். உங்கிட்ட பெட்டி வாங்கலாம்னு இருக்கற பக்கத்து நாலு ஊருக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

திரும்பி வரப்போவது ஒரு பெட்டி மட்டுமல்ல. நாலோங்கோ கொடுத்த வாக்கும் அதோடு சேர்ந்து திரும்பிவிடும்.

நாலோங்கோ வாழையிலையில் அவித்த மட்டோக்கே வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடு. பசியோட யோசிச்சா ஒன்னும் வராது."

சாப்பிடும்போது எதிர்ச்சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டி நபுகீராவின் கண்ணில் பட்டது. முட்டை வைத்த நாளெல்லாம் அதில் சிலுவை போட்டிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இது என்னக்கா?"

"நீ பேட்டரி மாட்டின நாள். அன்னிலேருந்து ஒரு நிமிஷம்கூட அணைக்கல. நீ இன்னிக்கு அணைச்சதுதான் மொதல் தடவை."

ஒரு நிமிஷம்கூட. அந்தச் சொல்லோடு சேர்ந்து ஒரு குழந்தையின் குரலும் அவள் காதில் கேட்டது. ஞாயித்துக்கிழமையே கிடையாதா?

நபுகீரா குழம்பு ஒட்டிய கையோடு எழுந்தாள். இடதுகை விரலால் நாட்களை எண்ணினாள். பேட்டரி மாட்டிய சனிக்கிழமை மாலை ஏழு மணியிலிருந்து, தட்டு ஆடி நின்ற ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி நேரம். இன்னொரு முறை எண்ணினாள். பிறகு அப்படியே சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னாச்சு, தங்கச்சி?"

"கண்டுபிடிச்சுட்டேன்க்கா. சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிடுங்க."

சனிக்கிழமை அவள் கட்வேயிலிருந்து ஒரு வெறும் தட்டு, மோட்டார், ஒரு சில்லுப் பலகை எல்லாம் கொண்டுவந்து முற்றத்து மேசையில் வைத்தாள். இருபத்திரண்டு பெண்களும் சுற்றி நின்றார்கள்.

"இப்ப கரண்ட் குடுத்ததும் இது ஆடும். பத்து நிமிஷத்துல தானா நிக்கும். கடிகாரத்தப் பாத்துக்கோங்க."

ஆடியது. சரியாகப் பத்தாவது நிமிடம் நின்றது.

நபுகீரா நமுலியின் முன்னால் முழங்காலிட்டாள்.

"தப்பு என்னோடதும்மா. பெட்டியோடது இல்ல, பேட்டரியோடதும் இல்ல. சில்லு, கரண்ட் வந்து எழுந்த நேரத்துலேருந்து நொடிய ஆயிரமாக் கூறுபோட்டு எண்ணிக்கிட்டே இருக்கும். அம்பது நாள் நெருங்கறப்ப எண்ண இடமில்லாமப் போய், பைக்ல கிலோமீட்டர் சுத்தி முடியற மாதிரி மறுபடி சைபர்லேருந்து ஆரம்பிக்கும். நான் அத மறந்துட்டேன். இப்படி வெச்சுக்கோங்க, பதினொரு மணிக்கு ஒருத்தி, 'அடுத்த வேலை ரெண்டு மணி நேரம் கழிச்சு'ன்னு 'ஒன்னு'ன்னு எழுதி வெச்சுக்கறா. அப்பறம் கடிகாரத்தப் பாக்கறா, பதினொன்னு. ஒன்ன விடப் பதினொன்னு பெரிசாச்சே, நேரம் தாண்டிடுச்சேன்னு அடிச்சுப் பிடிச்சு ஓடறா. திரும்ப எழுதறா, திரும்ப ஓடறா. மணி பன்னெண்டத் தாண்டினாத்தான் அவளுக்குப் புத்தி வரும். அதுதான் அந்த ஆட்டம். இன்னிக்கு அம்பது நாள் காத்திருக்க முடியாதுன்னு, எண்ணிக்கைய முடியறதுக்குப் பத்து நிமிஷம் முந்தியே ஆரம்பிக்க விட்டேன்."

"இத்தனை வருஷம் பட்டறைல இது தெரியலயா?" என்றாள் நமுலி.

"எப்படிம்மா தெரியும்? கட்வேல மூணு நாள் சேந்தாப்ல கரண்ட் இருந்தா, என்னமோ நடக்கப்போகுதுன்னு நாங்க பயந்துருவோம். எங்க எந்த மெஷினும் அம்பது நாள் அணையாம இருந்ததே இல்ல."

முதலில் சிரித்தது நாலோங்கோ. பிறகு முற்றமே சிரித்தது.

நபுகீரா திருத்திய நிரலை ஏற்றினாள். இப்போது சில்லு மணியைப் பார்ப்பதில்லை. கடைசியாகச் சாய்த்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் கேட்கும். மறுபடி பத்து நிமிடம். தட்டு அசையவில்லை. எண்ணிக்கை முடிந்து சைபருக்குத் திரும்பிய நொடியும் யாருக்கும் தெரியாமல் கடந்துபோயிற்று.

நமுலி அந்தத் தட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கடல் தாண்டி வந்த பெட்டி ஆடினா, எந்தக் கம்பெனிக்காரன் வந்து முழங்கால் போட்டு 'தப்பு என்னோடது'ம்பான்?" என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்ம பெட்டி இருக்கட்டும். பக்கத்து ஊருங்களுக்கு இன்னும் நாலு செய். தகரத்து மேல கட்வேன்னு பெரிய எழுத்துல எழுது. யாரு சிரிக்கறான்னு பாக்கறேன்," என்றாள்.

பெண்கள் நாக்கை அசைத்துக் குலவையிட்டார்கள். நாலோங்கோ மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டைத் தட்டைப் பார்க்க உள்ளே போனாள். பபிரியே முற்றத்து மூலையில் தங்கையோடு கல் விளையாடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவளும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நண்பகல், பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தகரச் சத்தம் ஓய்ந்திருந்தது. மேசையில் ஐந்து பலகைகள்: புதிய பெட்டிகளுக்கு நான்கு, நாலோங்கோ வீட்டுப் பெட்டியில் மாற்றிவைக்க ஒன்று. ஒவ்வொன்றிலும் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று நொடிக்கு ஒருமுறை மின்னியது, சில்லு விழித்திருக்கிறது என்று காட்ட. மூடி போட்டுவிட்டால் அது யார் கண்ணுக்கும் படாது.

நபுகீரா நிரலைத் திறந்து இன்னும் சில வரிகள் எழுதினாள். சில்லு கண்விழித்ததிலிருந்து ஒவ்வொரு ஏழாம் நாளும், ஒரு மணி நேரம், அந்த விளக்கு மட்டும் மின்னாது. சூடு குறையாது, தட்டு தவறாது. முட்டைகளுக்கு லீவு கொடுக்க முடியாது. பெட்டிக்கு நாட்காட்டி தெரியாது என்பதால், அது எந்தக் கிழமையில் வந்தாலும் அதற்கு அதுவே ஞாயிறு.

சோதனைக்காக ஏழு நாளை மட்டும் ஏழு நிமிடமாக்கி வைத்துக் காத்திருந்தாள். ஏழாவது நிமிடம் பச்சை விளக்கு அடங்கியது. அவளும் அந்த ஒரு மணி நேரமும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். விளக்கு மறுபடி மின்னத் தொடங்கியதும், நிமிடத்தை நாளாக மாற்றி எல்லாப் பலகைகளிலும் ஏற்றினாள். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

நாலோங்கோ வீட்டுக்குப் போகவேண்டிய பலகையை எடுத்து உறைக்குள் பொருத்தி, மூடி வைத்து, நான்கு திருகுகளையும் முடுக்கினாள்.