சதுப்பு மக்கள் பேசுவதில்லை

தன் அண்ணனைப் பற்றி அவள் எழுதியதிலேயே மிக மோசமான வாக்கியம் ஆய்வேட்டின் நான்காம் இயலில் இருந்தது. "தான் படைத்த மக்களுக்கே வாய் கொடுக்காத இந்த எழுத்தாளர், கப்பலேறி வந்த ஆட்சியாளர்களின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே கனவு காண்கிறார்." நெறியாளர் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார். அந்த எழுத்தாளர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் என்பது நெறியாளருக்குத் தெரியாது. துறையில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணன் புனைபெயரில் எழுதினான். அட்டையில் படம் போட விடமாட்டான்.

அவனுக்குச் சோறு போட்டது வேறு வேலை. காப்பீட்டுக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு, எது உண்மையான அடி, எது கூட்டிச் சொல்கிற அடி என்று மதிப்புப் போடுவான். மிச்ச நேரத்தில் நாவல். 'வெண்முடிக் கோட்டை' ஏழு பாகம் வந்து, பேருந்தில் போகிற பிள்ளைகளின் மடியிலெல்லாம் கிடந்தது. வடக்கேயிருந்து கப்பலில் வெண்முடி அரசர்கள் வருகிறார்கள். ஆற்று முகத்துவாரத்தில் கோட்டை கட்டுகிறார்கள். அங்கே முன்பே இருந்தவர்கள் சதுப்பு மக்கள். படகு தள்ளுவார்கள், சுமை தூக்குவார்கள், பேசமாட்டார்கள். சீழ்க்கை மட்டும் அடிப்பார்கள். பாதி வெண்முடி, பாதி சதுப்பு ரத்தமான ஓர் இளவரசன்தான் அதற்கு அர்த்தம் சொல்வான்.

இந்த உலகம் பிறந்தது ஒரு விடுமுறையில். அண்ணன் தங்கை இருவருக்கும் மஞ்சள் காமாலை வந்து, அம்மா இருவரையும் ஒரே அறையில் போட்டு வெளியே விடாமல் வைத்திருந்தாள். கட்டில்தான் கப்பல். மூத்தவன் என்பதால் அது அவனுக்கு. தரை சதுப்பு. அது அவளுக்கு. அவளுடைய சதுப்பு மக்கள் ஓயாமல் பேசினார்கள். அவர்களுக்கென்று ஒரு மொழியே செய்து வைத்திருந்தாள். கட்டிலில் இருந்த அரசனுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது, அதுதான் விளையாட்டே.

முதல் பாகம் அச்சாகி வந்தபோது அவள் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கேட்டாள்: "என் ஆளுங்க ஏன்டா விசில் அடிக்கிறாங்க?"

"பேச்சு எழுதினா நீளமாப் போகுது. விசில்னா ஒரு வரியில முடிஞ்சிடும்" என்றான் அவன், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

அன்று அவள் சிரித்துவிட்டாள். பல வருடம் கழித்து, கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோதுதான் அந்தச் சிரிப்பு உள்ளே புளித்துப் போயிருப்பது தெரிந்தது. பின்காலனியக் கோட்பாட்டு வகுப்பில் ஆசிரியர் சொன்னார்: ஆள வந்தவர்கள் எழுதிய நூல்களில் ஆளப்பட்டவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் மரஞ்செடிகளுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அவளுக்கு உடனே இரண்டாம் பாகத்தின் வரி ஒன்று ஞாபகம் வந்தது. 'மழை பெய்தது, தவளைகள் கத்தின, சதுப்பு மக்கள் சீழ்க்கை அடித்தார்கள்.' தவளைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு காற்புள்ளிதான்.

அதே வாரம் தலைப்பைப் பதிவு செய்தாள். மிகுபுனைவில் காலனிய மனம். நெறியாளருக்கு ஒரே சந்தோஷம். "ராட்சசன், மாயமந்திரம்னு நாம ஒதுக்கி வச்ச புத்தகத்துலதான் இதெல்லாம் ஒளிஞ்சிருக்கு. விடாதே, பிடி" என்றார். அவள் விடவில்லை.

அண்ணனிடம் விஷயத்தைக் கொண்டுபோனது அம்மா. புகழ்ந்து எழுதியிருக்கிறாள் என்றே அம்மா நினைத்திருந்தாள். "உன் கதையைப் பத்தித் தங்கச்சி தலகாணி மொத்தத்துக்கு எழுதியிருக்காடா. ஒரு வார்த்தை வெளிய சொல்லல பாரு, கமுக்கமா இருந்திருக்கா." பொதுப் பார்வைக்காக நூலகத்தில் ஆய்வேட்டை வைத்திருந்தார்கள். அண்ணன் விடுப்புப் போட்டு, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு போனான். முதல் இயல் வரை முகம் மலர்ந்தே இருந்தது என்று பிற்பாடு நூலகர் சொன்னார். அதன்பிறகு, சத்தம் போட்டுப் பக்கம் புரட்டியதற்காக அவரே எழுந்து வந்து இரண்டு முறை கண்டிக்க வேண்டியிருந்ததாம்.

வாய்மொழித் தேர்வு துறையின் கருத்தரங்க அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் தேநீர்க் குடுவை, முன்வரிசையில் நெறியாளர், அவர் பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர். கையில் எப்போதும் குடையோடு இருக்கிற ஒல்லி மனிதர். அவள் பேசி முடித்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எல்லாம் சுமுகமாகப் போனது. "அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று வழக்கம்போல அவர் கேட்டார். வழக்கம்போல யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசி வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தான்.

அவள் ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தாள்.

"ஆய்வாளர் அவர்களுக்கு வணக்கம்" என்றான். பிறந்ததிலிருந்து அவளை 'ஏய்' என்றும் 'வாத்து' என்றும் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டிராதவன். "நாலாம் பாகத்துல கோட்டை விழுற ராத்திரி சதுப்பு மக்கள் சீழ்க்கை அடிக்கிறாங்க. அதுக்கு 'நாங்கள் சரணடைகிறோம்'னு அர்த்தம்னு எழுதியிருக்கீங்க. அந்த அர்த்தத்தை உங்களுக்கு யார் சொன்னா?"

"நாவல்லயே இருக்கு."

"நாவல் சொல்லல. இளவரசன் சொல்றான். அவன் சொன்னதை நம்பித்தான் கோட்டைக்காரன் கதவைத் திறந்தான், செத்தான். அதே இளவரசனை நீங்களும் நம்பியிருக்கீங்க. அடுத்த பக்கத்துல கரையில ஒரு படகு கூட இல்லன்னு எழுதியிருக்கே, படிக்கலையா? சரணடையற ஜனம் படகை எல்லாம் எங்க கொண்டு போகும்?" அவன் குரல் இன்னும் பணிவாகவே இருந்தது. "சதுப்பு மக்களுக்கு வாய் இல்லன்னு நீங்க சொல்றீங்க. உங்களுக்குக் காது இல்லன்னு நான் சொல்றேன். கோட்டைக்குள்ள உட்கார்ந்துக்கிட்டுதான் நீங்க மொத்தக் கதையையும் படிச்சிருக்கீங்க."

புறத்தேர்வாளர் குடையைக் கீழே வைத்துவிட்டு நான்காம் இயலைப் புரட்ட ஆரம்பித்தார். அது அவளுக்கு நல்லதல்ல என்று அவளுக்கே தெரிந்தது. படகு இல்லாத கரையை அவள் படித்திருந்தாள். ஆனால் அந்த இடத்தில் கோபமாகப் படித்துக்கொண்டிருந்தாள், தனக்கு வேண்டிய வரியை மட்டும் பொறுக்கிக்கொண்டு.

அவள் கேட்டாள்: "சரி. இளவரசன் பொய் சொன்னான், இல்ல தப்பாச் சொன்னான். அப்படின்னா அந்தச் சீழ்க்கைக்கு உண்மையான அர்த்தம் என்ன?"

அண்ணன் கையிலிருந்த நாலாம் பாகத்தைப் புரட்டப் பார்த்தான்.

"எழுதினவருக்கே தெரியாது, இல்லையா? மர்மமா இருக்கட்டும்னு விட்டுட்டா அது அவங்களோட தந்திரம் ஆயிடுமா? அவங்களுக்கு மொழி இருந்திருந்தா, அதை மறைக்கிறாங்கன்னு சொல்லலாம். எதுவுமே கொடுக்காம விட்டுட்டு, 'பாருங்க, எவ்வளவு ஆழமா மௌனமா இருக்காங்க'ன்னா எப்படி?"

பின்வரிசை மாணவர்கள் கை தட்டினார்கள். அந்தத் தட்டல்தான் அண்ணனை உடைத்தது. அதுவரை காத்த பணிவு பறந்தது.

"ஐயா, இது ஆய்வே இல்ல" என்று புறத்தேர்வாளரைப் பார்த்துக் கத்தினான். "இவ என் தங்கச்சி. சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடின விளையாட்டு இது. சதுப்பு ஜனம் இவ ஆளுங்க. புத்தகத்துல என் பேரு மட்டும் வந்துடுச்சுன்னு வயித்தெரிச்சல். அந்த வயித்தெரிச்சலுக்குக் கோட்பாடுன்னு பேரு வச்சு முன்னூறு பக்கம் எழுதியிருக்கா!"

நெறியாளர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

அவள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். "சேர்ந்து விளையாடினதுன்னு இப்ப சொன்னீங்களே, எழுத்தாளர் அவர்களே, ஏழு பாகத்துக்கும் முன்னுரை எழுதியிருக்கீங்க. எதுலயாவது இதை ஒரு வரி சொல்லியிருக்கீங்களா?"

அண்ணன் நாற்காலிகளை இடித்துக்கொண்டு வெளியே போனான்.

தீர்ப்பு அரைகுறையாக வந்தது. ஆய்வேடு ஏற்கப்படுகிறது. ஆனால் நான்காம் இயலை முழுக்கத் திருப்பி எழுத வேண்டும், எழுத்தாளரோடு உள்ள உறவை முன்னுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "அந்த மனுஷன் கேட்ட கேள்வி நான் கேட்டிருக்க வேண்டியது" என்று புறத்தேர்வாளர் குடையை எடுத்துக்கொண்டே சொன்னார். யாருக்கும் அது பாராட்டாகப் படவில்லை.

நெறியாளர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார். "என்னை எல்லார் முன்னாலயும் முட்டாளாக்கிட்டியே. முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா, மேடம்?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

நெறியாளர் அவளைச் சில நொடி முறைத்துவிட்டு, "போய் எழுது. இந்தத் தடவை உங்க அண்ணன் புகுந்து வர ஒரு சந்து இருக்கக்கூடாது" என்றார்.

நான்காம் இயலைத் திருப்பி எழுதுவது அவமானமாக இருந்தது. அண்ணன் சொன்னது சரி என்று ஏற்றுக்கொள்ளாமல் ஒரு பத்தி கூட நகரவில்லை. மொழிபெயர்ப்பவனை நம்பாமல் படித்தால் நாலாம் பாகமே வேறு கதையாக இருந்தது. இளவரசனின் ஒவ்வொரு விளக்கத்துக்குப் பின்னாலும் யாராவது செத்தார்கள். அடிக்குறிப்பில் 'இவ்வாசிப்பை வாய்மொழித் தேர்வில் சுட்டியவர் நூலாசிரியர்' என்று எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அதற்கடுத்த பத்தியில், அந்தப் பொறியை அமைத்தவன் அதற்குள் ஒரு மனிதக் குரலையும் வைக்க மறந்தான் என்பதை இன்னும் கூர்மையாக எழுதினாள். பட்டம் கிடைத்தது.

அம்மா வீட்டுக்கு இருவரும் வருகிற நாள்கள் மாறின. ஒருவர் செருப்பு வாசலில் கிடந்தால் மற்றவர் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார். அம்மா தொலைபேசியில் இருவரையும் ஒரே மாதிரி திட்டினாள். "ஒரு கட்டில், ஒரு தரை. அதை வச்சு இத்தனை வருஷம் சண்டை போட உங்களாலதான் முடியும்."

பிறகு எட்டாம் பாகம் வந்தது. அவள் கடையில் நின்றபடியே பாதி படித்தாள். அதில் முதல் முறையாகச் சதுப்புப் பெண் ஒருத்தி பேசுகிறாள். தங்கையைப் போலவே மூக்குக் கண்ணாடி போட்டவள், வேகமாக நடப்பவள், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். மறுபடி கட்டிய கோட்டைக்குள் போய்த் தன் ஜனம் எப்படிப்பட்டது என்று வெண்முடி அரசர்களுக்கு விளக்கிச் சொல்கிறாள். அதற்குக் கூலியாக அவளுக்கு ஒரு நாற்காலி தருகிறார்கள். கடைசியில் அவள் கரைக்குத் திரும்பும்போது சதுப்பு மக்கள் அவளைப் பார்த்துச் சீழ்க்கை அடிக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

புத்தகத்தை வாங்காமல் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் போய் வாங்கினாள்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை வைத்த அன்று தப்பிக்க வழியில்லை. கண் மருத்துவமனை நடைவழியில், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் எழுத்து சிறிதாகிக்கொண்டே போகிற பலகை. அண்ணனின் தலை முழுக்க நரைத்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"படிச்சியா?" என்றான் பலகையைப் பார்த்தபடி.

"நாற்காலிக்கு விலை போனவளா நான்?"

"உன் பேரை எங்கயும் போடலையே."

"பேர் போடாம எழுதுறது உனக்குப் பழக்கம்தானே." அவள் குரல் உயர்ந்தது. "ஏழு பாகத்துல வாயே திறக்காத ஜனம். எட்டாவதுல ஒருத்தி திறக்கிறா. திறந்த உடனே அவ துரோகி. எழுதும்போது உனக்கு உறுத்தலையா?"

"உறுத்துச்சு. அதனாலதான் எழுதினேன்." இப்போது அவள் பக்கம் திரும்பினான். "நீ என் பொழப்பை நாலு பேர் முன்னாடி கிழிச்சுத் தோரணம் கட்டின. உனக்கு உறுத்துச்சா?"

"இல்ல."

"பொய்."

"கொஞ்சம்."

"அதுவும் பொய். நிறைய."

பச்சை உடை போட்ட செவிலி கதவைத் திறந்து, "உள்ள ஆபரேஷன் நடக்குதுங்க. சண்டைன்னா கீழ போய்ப் போடுங்க" என்றாள். இருவரும் ஒரே சமயத்தில் "சாரி" சொல்லிவிட்டு, அதற்காகவும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

அம்மா ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தாள். கண்ணில் சொட்டு மருந்து வேளை தவறாமல் விட வேண்டும், யார் பார்த்துக்கொள்வீர்கள் என்று செவிலி கேட்டாள். "நான்" என்றார்கள் இருவரும். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து என் கண்ணுல குத்திடாதீங்க" என்றாள் அம்மா.

வாடகை வண்டியில் அண்ணன் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பிறகு திரும்பாமலே சொன்னான்:

"அந்த நாலாம் இயல் புதுசா எழுதினது தேவலை. மத்ததெல்லாம் குப்பை."

"உன் எட்டாம் பாகத்துல தேவலைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. அதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டேன், அடுத்த மாசம் வருது."

"எந்தப் பத்திரிகை?"

அவள் சொன்னாள். அவன் கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொண்டான். "அடுத்த பாகத்துல உனக்கு நாற்காலியும் கிடையாது" என்றான்.

"மருந்துக் கடை வந்திடுச்சு, நிறுத்துங்க" என்றாள் அம்மா.

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக இறங்கி, கல்லாவுக்கு முன்னால் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றார்கள். கடைக்காரர், "யாருக்கு மருந்து?" என்று கேட்டார். மற்றவர் சொல்லட்டும் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.