வாலாஜாபாத் போகிற ஜட்கா

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளையார்பாளையத்தில் வந்து நின்ற ஜட்கா வண்டிக்கு நிறம் கிடையாது. குதிரை சாம்பல், சக்கரம் கறுப்பு, உள்ளே இருந்த பெண்ணின் நெற்றியில் குங்குமமும் கறுப்பு. சத்தமும் கிடையாது. குதிரை தலையை உதறினால் கழுத்து மணி ஆடும், கேட்காது. பால் வாங்கப் போனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். தெரு மாடுகளைப் பிடிக்க வந்தவர்கள், குதிரை தங்கள் வேலையில் சேராது என்று திரும்பிவிட்டார்கள்.

வண்டியைத் தெருவில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. முந்தின மாதம்தான் ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஊமைப் படம் எல்லோருடைய போனுக்கும் வந்திருந்தது. எந்த வெள்ளைக்காரன் எந்தக் காலத்தில் எடுத்தானோ, ஒரு டம்ளர் டீ குடிப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். ராஜவீதியில் மாட்டு வண்டிகள் போகும், குடை பிடித்தவர்கள் போவார்கள், சைக்கிளில் வரும் ஒருவன் கேமராவையே பார்த்துக்கொண்டு வந்து கூடைக்காரி மேல் இடிப்பான். பிறகு இதே தெரு. தெருவை அடைத்து நெசவுப் பாவு நீட்டியிருக்கும். குடுமி வைத்த ஒருவர் கையை உயர்த்தி ஒரு ஜட்காவை நிறுத்துவார். வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் தலையை நீட்டி ஏதோ சொல்லுவாள். அதோடு படம் தீர்ந்துவிடும். ஊரே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பார்த்துப் பார்த்தே படம் தேய்ந்து வண்டி வெளியே விழுந்துவிட்டது என்று டீக்கடை வேல்முருகன் சொன்னதைவிட நல்ல விளக்கத்தை இதுவரை யாரும் சொல்லவில்லை.

குடுமிக்காரர், அந்தத் தெருவில் தறி வைத்திருக்கும் கலியாணசுந்தரத்தின் கொள்ளுத்தாத்தா. மூக்கே சொல்லிவிடும். உயர்த்திய அந்தக் கையைத் தன் வாட்ஸப் படமாக வைத்து, பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார் கலியாணசுந்தரம். அதில் தப்பும் இல்லை. நெய்வதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். அந்தப் பாவு காயும்வரை எவ்வளவு பெரிய மனிதரானாலும் காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ். இன்றைக்கும் பைக்கில் வருகிறவன் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போகிறான்.

ஜட்காவும் அப்படித்தான் காத்திருந்தது. அதன் முன்னால் எத்தனையோ பாவுகள் காய்ந்து சுருட்டப்பட்டன, குதிரை கால் மாற்றவில்லை. கார்த்திகை பிறந்தபோது அதன் மேல் காக்கை உட்கார்ந்தது, பிள்ளைகள் அதன் மறைவில் ஒளிந்து விளையாடினார்கள், ஷேர் ஆட்டோ ஓட்டும் லோகேஷ் தன் வண்டியை அதன் பின்னால் நிறுத்திப் பழகிவிட்டான். உள்ளே இருந்த பெண்ணின் உதடு மட்டும் ஓயவில்லை.

"அண்ணா, அந்தம்மா இன்னாவோ சொல்லிக்கினே இருக்குது. பாவமா இருக்குதுண்ணா," என்று லோகேஷ் கலியாணசுந்தரத்திடம் சொல்லிப் பார்த்தான்.

"நாம இன்னாபா பண்றது, கேக்க மாட்டேங்குதே," என்றார் அவர்.

அவர் மனைவி புவனேஸ்வரிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துவிடுவாள். போன் படத்தில் அந்த உதடு கடுகளவுதான் தெரிந்தது. வண்டி வருவதற்கு முன்பே தங்கையின் பிரசவத்துக்கு ஆரணி போயிருந்தவள் அன்றுதான் திரும்பினாள். மகள் கீர்த்தியின் கல்யாணக் கூறைப் புடவைக்கான அரக்கு நிறப் பாவை அன்று காலைதான் வாசலில் நீட்டி, கஞ்சியும் தெளித்திருந்தார்கள். புவனேஸ்வரி பையைக்கூட இறக்கவில்லை. ஜட்காவையே பார்த்தாள். பிறகு கணவனிடம் கையால் சொன்னாள். குழந்தையை ஏந்தி ஆட்டினாள், புறங்கையைக் கழுத்தில் வைத்துச் சூடு என்றாள், வாலாஜாபாத் ரோடு இருக்கும் திசையைக் காட்டினாள். வாலாஜாபாத்தில் குழந்தைக்குக் காய்ச்சல், வழி விடுங்கள் என்பதுதான் அந்தப் பெண் இத்தனை காலமும் சொன்னது.

"இன்னாமா பேசறே? நூறு வருஷம் ஆயிடுச்சு. அந்தக் கொழந்தை பொழைச்சிருந்தாலும் கெழவனாயி செத்துருக்கும். இது நம்ம பொண்ணு கண்ணாலப் பாவு. மதியத்துல காஞ்சிடும், சுருட்டிக்கலாம்."

புவனேஸ்வரி தரையைக் காட்டினாள். வெயில் ஏறிவிட்டது, ஜட்காவின் நிழல் மட்டும் விடிகாலை நீளத்திலேயே கிடந்தது. அந்த வண்டிக்கு இன்னும் அதே காலைதான். அங்கே பாவு காயவே காயாது, ஈரத்தோடு சுருட்டினால்தான் வழி. காய்ந்த பாவுகளைச் சுருட்டியபோது அது ஏன் நகரவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பிறகு அவள் கொள்ளுத்தாத்தாவைப் போலவே கையை உயர்த்திக் காட்டி, கணவனைப் பார்த்தாள். கலியாணசுந்தரத்துக்கு அது பொறுக்கவில்லை.

"அப்பா, சுருட்டுப்பா. எனக்குக் கடையில வாங்கிக்கலாம்," என்றாள் வாசலில் நின்ற கீர்த்தி. நெசவுக்காரர் வீட்டில் சொல்லக்கூடாத சொல் அது. கலியாணசுந்தரம் அழுதுகொண்டேதான் முடிச்சை அவிழ்த்தார். ஈரப் பாவு அவர் கையிலேயே கயிறாகத் திரண்டது.

குதிரை காலைத் தூக்கியது. புவனேஸ்வரி ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள். வண்டிக்காரனுக்குப் புது ரோடு தெரியாதே என்று லோகேஷ் ஆட்டோவில் முன்னால் போய் வழிகாட்டினான். ஐயம்பேட்டை நிறுத்தத்தில் இரண்டு பேர் ஜட்காவுக்குக் கை காட்டி ஏறி, வாலாஜாபாத்தில் இறங்கிக் கொஞ்சம் வெளிறிப்போய் வீட்டுக்கு நடந்தார்கள். அரிசி மில்லைத் தாண்டி ஒரு செல்போன் கடை முன்னால் வண்டி நின்றது. அந்தப் பெண் குதித்து இறங்கி, கடைச் சுவருக்குள் ஓடினாள். லோகேஷுக்குச் சுவர்தான் தெரிந்தது. புவனேஸ்வரி இரண்டு காதையும் பொத்தினாள், எடுத்தாள், மறுபடி பொத்தினாள். சுவருக்கு உள்ளேயிருந்து குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது அவளுக்கு மட்டும் கேட்டது. தெம்பான அழுகை. அவள் வாழ்நாளில் கேட்டது அது ஒன்றுதான்.

இப்போது அந்தப் படத்தில் குடுமிக்காரர் கையை உயர்த்துவதில்லை, குனிந்து பாவைச் சுருட்டுகிறார். செவ்வாய்க்கிழமைகளில் ஜட்கா வந்து போகிறது. சவாரியைப் பிடுங்குகிறது என்று ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அதன் மேல் வருத்தம்.

தை மாதம் கீர்த்தியின் கல்யாணத்தில், "நெசவுக்காரன் பொண்ணுக்குக் கடைப் பொடவையா?" என்று ஒரு சொந்தக்காரர் பந்தியில் கேட்டார்.

"பாவை ஈரத்துல சுருட்டிட்டேன். ஒரு கொழந்தைக்கு சுரம்னாங்க," என்றார் கலியாணசுந்தரம்.

"அடப்பாவமே. இப்ப எப்படி இருக்குதாம்?"

"நல்லா அழுதுச்சாம். எங்க வூட்டுக்காரம்மா கேட்டுச்சு."

அப்படியானால் சரி என்று அவர் சாம்பாருக்கு இலையைக் காட்டினார்.