கையை எடுங்க, லாலா

கில்கித் போகும் மலைச்சாலையில் இருக்கும் பேஷாம் கடைத்தெருவில் பழைய பெட்ஃபோர்டு லாரிக்கு எது கெட்டாலும் என் பட்டறைக்குத்தான் வரும். அன்று லாரியோடு ஒரு சண்டையும் வந்து இறங்கியது.

ஓட்டுநர் சர்பிலந்த் லாலா. லாரிக்குச் சொந்தக்காரன், அவரைச் சாச்சா என்று கூப்பிடும் அண்ணன் மகன் இக்லீம். அப்பன் போனதும் முதலாளி ஆனவன்.

"சாச்சா ஓட்டுனா வண்டி பாம்பா நெளியுது, உஸ்தாத். கை தளந்துபோச்சு. கில்கித் லோடுக்கு வேற ஆள் போடப்போறேன்" என்றான் என்னிடம்.

"கை இல்லடா, முன்பக்கம் போச்சு! உங்கப்பன்கிட்டயே சொன்னேன்" என்று லாலா கத்தினார்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. கழட்டிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றேன். முன்பக்கம் நன்றாக இருந்தால் லாலா வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று பேச்சு.

கழற்றினேன். சக்கரம் திரும்புகிற கிங்பின் தேய்ந்து இடுப்பு ஒடுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த பித்தளை புஷ் காகிதமாகியிருந்தது. ஸ்டியரிங் கம்பியின் முனை கிழவன் பல்லாக ஆடியது. ஸ்பிரிங்கில் மேல்பட்டை ஒடிந்து, கீழ்ப்பட்டைகளின் தயவில் நின்றிருந்தது. கில்கித் பாதையை நினைத்தேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளத்தில் சிந்து நதி. இந்த முன்பக்கத்தை வைத்துக்கொண்டா இந்த மனிதர் கோதுமை மூட்டைகளோடு போய்வந்தார்! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். லாலாவின் கைகளைப் பார்த்தேன். சாதாரணக் கைகள்தான், நகமெல்லாம் கிரீஸ்.

புது புஷ்களை அடித்து இறக்கி, புது கிங்பின் கைவிரல் அழுத்தத்துக்கு உள்ளே போகும் பதம் வரும்வரை அவற்றின் உட்புறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். பட்டை மாற்றினேன். கம்பி முனைகளை மாற்றி, சக்கரங்களை நேர்படுத்தினேன். முடித்தபோது எனக்கே என்மேல் கர்வம்.

மூவரும் ஏறி ஓட்டிப் பார்க்கப் போனோம். வண்டி முன்னைவிட மோசமாக நெளிந்தது.

"பாத்தீங்களா?" என்றான் இக்லீம். "இப்ப என்ன சொல்றீங்க, சாச்சா?"

லாலா ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். முகம் செத்துப்போயிருந்தது. பிறகுதான் கவனித்தேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவே இல்லை. இழுக்கும் என்று நினைத்து அவர் கை முந்திக்கொண்டு திருப்பியது. பழைய ஆட்டத்துக்குப் பழகிய கைகள், இல்லாத ஆட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

"லாலா, கையை எடுங்க" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? நேத்துதான் பொண்டாட்டியோட சமாதானமானேன், அதுக்குள்ள சாகச் சொல்றியா?"

"நேர் ரோடுதானே. எடுங்க!"

எடுத்தார். லாரி கோடு போட்டது மாதிரி நேராகப் போனது. லாலா வாயைப் பிளந்து ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"யா அல்லா, தானா போகுதே!" என்றார். "அப்போ இத்தன வருஷமா இத நேரா வெச்சிருந்தது நான்தானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எதிரே வளைவு வந்தது. அதற்கப்பால் சாலை இல்லை, வானம்தான் தெரிந்தது.

"சாச்சா, புடிங்க!" இக்லீம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். "கில்கித்துக்கும் நீங்கதான், எங்கயும் நீங்கதான்! கைய வைங்க, சாச்சா!"

லாலா அவசரப்படவில்லை. இரண்டு விரலால் ஸ்டியரிங்கைத் தொட்டார். லாரி சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது.