வெள்ளிக்கிழமைக் கட்டம்

அந்த ஆய்வகத்தில் வைரஸை வளர்ப்பார்கள், கொல்வார்கள், பிறகு விற்பார்கள். செத்த வைரஸை யாரய்யா காசு கொடுத்து வாங்குவான் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று ஆராய்கிறவர்கள் வாங்குகிறார்கள். செத்த வைரஸின் சாறு அவர்களுக்குத் தூண்டில் புழு மாதிரி. எதிர்ப்பொருள் இருந்தால் வந்து கவ்விக்கொள்ளும்.

வளர்ப்பதும் கொல்வதும் அண்ணியின் பொறுப்பு. அவளை அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ளவள் கீழ்த்தளத்தில் பேக்கிங் பார்க்கும் நாத்தனார் ஒருத்திதான். ஆனால் நாத்தனார் சேர்ந்த ஒரே மாதத்தில் கட்டடம் முழுக்க அவளுக்குக் கொழுந்தனாரும் நாத்தனாருமாக ஆகிவிட்டது. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மேலாளர்கூட அண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

கொன்றது செத்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஃபார்மலின் என்ற மருந்தை ஊற்றிக் கொன்ற சாற்றை எடுத்து, குடுவையில் வளரும் உயிருள்ள செல்கள் மேல் விட வேண்டும். செல்கள் பிழைத்துக்கொண்டால் வைரஸ் செத்துவிட்டது என்று அர்த்தம். செல்கள் செத்தால்தான் தலைவலி. மறுநாளே செத்தால் அது மிச்சமிருந்த ஃபார்மலின் செய்த வேலை. சாற்றை இன்னொரு முறை சுத்தம் செய்து அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். நாலைந்து நாள் கழித்துச் செத்தால் வைரஸ் உயிரோடு இருக்கிறது. மொத்தத்தையும் அழிக்க வேண்டும். ஆகவே மறுநாள் கட்டாயம் பார்த்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால், கொன்றது யார் என்று செத்த செல்லா வந்து சாட்சி சொல்லும்?

அண்ணி அதைத்தான் தவறவிட்டாள். ஒரு வியாழக்கிழமை ரூபெல்லா என்கிற அம்மை வைரஸின் சாற்றைக் குடுவையில் விட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் வந்து, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று காதோடு சொன்னாள். ஆறு வருஷம் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கிய பிறகு வந்த செய்தி. இருவரும் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினார்கள். உறுதியானதும் வீடே தலைகீழானது. சனி, ஞாயிறு போனதே தெரியவில்லை.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் செல்கள் மொத்தமும் செத்துக் கழன்று மிதந்தன. பத்தில் ஒன்பது தடவை இது ஃபார்மலினாகத்தான் இருக்கும் என்பது அவளுடைய பதினோரு வருஷ அனுபவம். பதிவேட்டில் வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் ‘செல்கள் செத்தன, மருந்து மிச்சம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வழக்கப்படி சாற்றைச் சுத்தம் செய்து கீழே பேக்கிங்குக்கு அனுப்பினாள். கை கூசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில் மேலாளர் அவளுடைய அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“அண்ணி, கீழ ஒரு குப்பி உடைஞ்சு உங்க நாத்தனார் கண்ணுல தெறிச்சிருச்சு. பயப்படாதீங்க, செத்த சரக்குதானே.”

அவள் படியிறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று மேலேயே நின்றுவிட்டது. நாத்தனார் குழாயடியில் குனிந்து கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்ன சரக்கு அது?”

“ரூபெல்லா, நீங்க கடைசியா அனுப்பினது. ஏன் அண்ணி முகமெல்லாம் வெளுத்துப்போச்சு? நீங்க கொன்னது பொழச்சு வந்துருமா என்ன? அண்ணனே உங்ககிட்ட தப்பிக்க முடியல.”

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் முதலில் வந்தது. குழந்தையைப் பற்றிய பயம் அதற்கப்புறம்தான் வந்தது. அந்த வரிசையை நினைத்து அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அநேகமாக ஒன்றும் ஆகவும் ஆகாது. ஆனால் அந்த ‘அநேகமாக’ நாத்தனாரின் வயிற்றில் அல்லவா இருக்கிறது.

“அது செத்துச்சான்னு எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கு உன்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தேன்ல, அன்னிக்குப் பார்க்க வேண்டியது. பார்க்காமலே பார்த்ததா எழுதிட்டேன்.”

நாத்தனார் குழாயை மூடினாள். “அதனால?”

“உயிரோட இருந்தா, இந்த மாசத்துல குழந்தைக்கு ஆகாது. கண்ணு போகலாம், காது போகலாம். சின்ன வயசுல உனக்குத் தடுப்பூசி போட்டிருந்தா ஒண்ணும் ஆகாது.”

“போட்டாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பின்னால் வந்து நின்ற மேலாளர், “எந்தக் குழந்தைக்கு?” என்று கேட்டார். பேக்கிங்கிலிருந்து மாற்றிவிடுவார்களோ என்று நாத்தனார் அங்கே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. விஷயம் புரிந்ததும் அவர் அந்தச் சரக்கை மொத்தமாக நிறுத்தினார். அண்ணியை எழுதித் தரச் சொன்னார். இந்தத் தடவை அண்ணி என்று கூப்பிடவில்லை.

மாடியில் எதிர்ப்பொருள் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா நாத்தனாரின் ரத்தத்தை வாங்கிக்கொண்டார். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்தார். குழியில் வைரஸ் சாறு பூசியிருக்கும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் கடைசியில் மஞ்சளாகும். மூன்று மணி நேரம் ஆகும் என்றார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் சாப்பிடவில்லை. அண்ணி ஒருமுறை “தண்ணி வேணுமா?” என்றாள். நாத்தனார் தானே எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்தாள்.

மூன்றரை மணிக்கு டாக்டரம்மா தட்டோடு வெளியே வந்தார். ஒரு குழி நல்ல மஞ்சளாக இருந்தது.

“நிறைய இருக்கு. இன்னிக்குப் பட்டதுக்கு இன்னிக்கே வராது, இது பழசு. சின்ன வயசுல யாரோ ஊசி போட்டிருக்கணும், இல்ல அந்த அம்மை வந்து போயிருக்கணும். குழந்தைக்கு ஆபத்தில்ல.”

அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. நாத்தனார் அழவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல பூசியிருக்கிற சாறு யாரோடது மேடம்?”

“நம்மளோடதுதான். உங்க அண்ணி போன வருஷம் செஞ்சு கொடுத்தது.”

நாத்தனார் மெதுவாகத் திரும்பினாள். “அண்ணி, அதைப் பார்த்து எழுதினீங்களா, பார்க்காம எழுதினீங்களா?”

“பார்த்துத்தான் எழுதினேன்.”

அது உண்மை. அந்தச் சரக்கை அவள் ஒருநாள் விடாமல் பார்த்திருந்தாள். எந்த நாளில் எப்படி இருந்தது என்றுகூட அவளால் சொல்ல முடியும்.

நாத்தனார் அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு டாக்டரம்மாவிடம், “வேற கம்பெனி சாறு வெச்சுப் பார்க்கிற இடம் எங்க இருக்கு மேடம்?” என்று கேட்டாள்.